மலேரியா மருந்துகள் பலிக்காமற் போவது ஏன்?

1973-ஆம் ஆண்டில், அஸ்ஸாம் மாநிலத்தின் மிகிர் குன்றுகள் மாவட்டத்திலிருந்து கவனத்துக்குரிய ஓர் அறிக்கை வெளிவந்தது. (இம் மாவட்டமே 1976 முதல் கர்பி ஆங்லாங் என்று வழங்கி வருகிறது.) குளோரோக்வின் மாத்திரைகளை முறைப்படி உட்கொண்ட பின்னரும் மலேரியா நோயாளிகள் சிலருடைய இரத்தத்தில் கிருமிகள் அழியாமல் எஞ்சியிருந்தன என்பதே அதன் சாரம். நோயாளிகளின் தொகை மிகச் சிறியதுதான். எனினும், இந்திய மண்ணில் குளோரோக்வினுக்கு ஈடுகொடுத்து நிற்கும் மலேரியாக் கிருமி தோன்றிவிட்டது என்பதற்கு இதுவே முதற் சான்றாக அமைந்தது.

இச் செய்தியின் முக்கியத்துவத்தை உணர, அதற்கு முந்திய இருபத்தைந்து ஆண்டுகளின் வரலாற்றை நினைவுகூர வேண்டும். நாடு விடுதலை பெற்ற 1947-இல் ஆண்டுதோறும் சுமார் 7.5 கோடி மக்கள் மலேரியாவால் பீடிக்கப்பட்டனர். சுமார் 8 லட்சம் பேர் மாண்டனர். 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958-இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கப்பெற்றன. சுவர்களில் டி.டி.டி. தெளித்துக் கொசுவை அழிப்பது, நோயாளிக்குக் குளோரோக்வின் கொடுத்துக் கிருமியை அழிப்பது ஆகிய இவ்விரண்டும் அத் திட்டங்களின் இரு கைகளாக இருந்தன. 1965-இல் நோயாளிகளின் தொகை சுமார் ஒரு லட்சமாகக் குறைந்தது. பின்னர் நிலைமை தலைகீழாயிற்று. 1976-இல் அத்தொகை 64 லட்சத்தையும் தாண்டிவிட்டது. இந்த ஏற்றத்துக்குக் கொசுக்கள் டி.டி.டி.யைத் தாங்கப் பழகியதும், கண்காணிப்புத் தளர்ந்ததும் பெருங் காரணங்கள். மருந்தின் தோல்வி அவற்றுள் ஒன்றே. ஆனால் மற்றக் குறைகளைப் பணத்தாலும் முயற்சியாலும் சீர்செய்துவிடலாம். கிருமியின் உடலமைப்பிலேயே நேர்ந்துவிட்ட மாற்றத்தை எந்த நிர்வாகமும் உத்தரவிட்டுத் திருப்பிவிட இயலாது.

ஓர் எழுத்தின் மாற்றம்

மனிதருக்கு மலேரியாவை உண்டாக்கும் கிருமிகளுள் மிகக் கொடியது பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்பது. கொசுவின் கடியால் உடலுட் புகும் இக் கிருமி, முதலில் ஈரலில் தங்கிப் பெருகி, பின்னர் இரத்தத்தின் சிவப்பணுக்களைத் தாக்குகிறது. ஒவ்வொரு சிவப்பணுவினுள்ளும் சுமார் 48 மணி நேரம் வளர்ந்து பல குஞ்சுகளாகப் பிரிந்து, அணுவை உடைத்துக்கொண்டு வெளிப்பட்டு, புதிய அணுக்களைப் பற்றிக்கொள்கிறது. குளிரும் காய்ச்சலும் தோன்றுவது இவ்வாறு அணுக்கள் உடையும் வேளையிலேதான்.

சிவப்பணுவினுள் இக் கிருமிக்கு உணவு ஹீமோகுளோபின். அதனைத் தன் உடலிலுள்ள ஒரு செரிப்புப் பையில் இட்டு அது செரிக்கிறது. அவ்வாறு செரிக்கும்போது இரும்பைக் கொண்ட ஹீம் என்னும் பொருள் மிச்சமாகிறது. இது கிருமிக்கே நஞ்சு. ஆகவே கிருமி அதனை உடனுக்குடன் தீங்கற்ற பழுப்புநிறப் படிகங்களாக மாற்றி ஒதுக்கிவிடுகிறது. குளோரோக்வின் தாக்குவது இந்த ஒதுக்கும் வேலையைத்தான். புளிப்புத் தன்மை வாய்ந்த செரிப்புப் பையினுள் அம் மருந்து சென்று குவிந்து, ஹீமைப் பற்றிக்கொண்டு, படிகமாக விடாமல் தடுத்துவிடுகிறது. தான் உண்ட உணவின் கழிவாலேயே கிருமி மடிகிறது.

இத்தகைய மருந்துக்குத் தப்புவது எங்ஙனம்? விடை 2000-ஆம் ஆண்டில் கிடைத்தது. செரிப்புப் பையின் மேற்சவ்வில், 424 அமினோ அமிலங்கள் கோத்த ஒரு புரதம் இருக்கிறது. பொருள்களைப் பையிலிருந்து வெளியே கடத்துவது இதன் தொழில். இப் புரதத்தை ஆக்கும் ஜீனுக்குப் பி.எஃப்.சி.ஆர்.டி. என்று பெயர், அது கிருமியின் 7-ஆவது குரோமோசோமில் உள்ளது. புரதத்தின் 76-ஆவது இடத்தில் இயல்பாக இருக்க வேண்டியது லைசின் என்னும் அமினோ அமிலம். மருந்தை எதிர்க்கும் கிருமிகளிலோ அவ்விடத்தில் திரியோனின் அமர்ந்திருக்கிறது. ஜீனின் மொழியிற் கூறினால், 'ஏ ஏ ஏ' என்ற மூன்றெழுத்துச் சொல் 'ஏ சி ஏ' என்று மாறிவிட்டது. கிருமியின் பரம்பரை ஏட்டில் சுமார் 2.3 கோடி எழுத்துகள் உள்ளன. அவற்றுள் ஓர் எழுத்துப் பிசகு இது.

லைசின் நேர்மின்னேற்றம் உடையது. செரிப்புப் பையினுள் குளோரோக்வினும் நேர்மின்னேற்றம் பெறுகிறது. ஒத்த மின்னேற்றங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பது பள்ளி மாணவரும் அறிந்தது. ஆகவே லைசின் காவல் நிற்கும்வரை மருந்து பையை விட்டு வெளியேற வழியில்லை. மின்னேற்றமற்ற திரியோனின் அவ்விடத்துக்கு வந்தவுடன் வாயில் திறந்துவிடுகிறது. உள்ளே வந்த மருந்து வெளியே இறைக்கப்படுகிறது. நோயாளி விழுங்கிய மாத்திரை தரமானதுதான். அது இரத்தத்தில் கலந்ததும் உண்மைதான். ஆனால் வேலை செய்ய வேண்டிய இடத்தில் அது தங்கவில்லை.

76-ஆவது இடத்து மாற்றம் தனித்து வருவதில்லை என்பதும் குறிப்பிடத்தக்கது. அதே புரதத்தின் வேறு சில இடங்களும் உடன் மாறியிருக்கின்றன. அவையின்றி, தன் இயல்பான தொழிலைச் செய்ய மாறிய புரதத்தால் முடிவதில்லை போலும். பல மாற்றங்கள் ஒருங்கே அமைவது அரிதாதலால், இந்த எதிர்ப்புத் திறன் உலகில் ஒரு சில இடங்களிலேதான் புதிதாகத் தோன்றியது. மற்ற இடங்களுக்கு அது பரவியே சென்றது. 72 முதல் 76 வரையுள்ள ஐந்து இடங்களின் அமைப்பை ஒப்பிட்டு, ஒரு கிருமி எந்தத் திசையிலிருந்து வந்தது என்று ஊகிக்கவும் இயலும். நமது வடகிழக்கு மாநிலங்களிற் காணப்படும் ஒரு முக்கிய அமைப்பு தென்கிழக்கு ஆசியாவுக்கு உரியது. இந்தியாவின் பிற பகுதிகளிற் பெரும்பான்மையான அமைப்போ பாப்புவா நியூகினியில் காணப்படுவதை ஒத்திருக்கிறது.

களையும் களையெடுப்பும்

'மருந்து உடம்புக்குப் பழகிவிட்டது' என்று மக்கள் கூறுவதுண்டு. இக் கூற்றில் இரண்டு பிழைகள் உள்ளன. மாறியது நோயாளியின் உடம்பன்று, கிருமி. அக் கிருமியும் மருந்தைக் கண்டு கற்றுக்கொண்டு மாறியதன்று. ஜீனைப் படியெடுக்கும்போது நேரும் பிழைகளே திடீர் மாற்றங்கள். மருந்து இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை நேர்ந்துகொண்டே இருக்கின்றன.

நெல் வயலில் களையெடுப்பவர்கள் நன்கறிந்த ஒரு செய்தி இதனை விளக்கும். சில புல்வகைகள் இளம்பருவத்தில் நெற்பயிரைப் போலவே தோற்றமளிக்கும். வேறாகத் தெரிவனவற்றைக் கை பிடுங்கி எறிகிறது; நெல்லைப் போன்றவை தப்பி நின்று விதை சிந்துகின்றன. பருவந்தோறும் இவ்வாறு நிகழ, நெல்லைப் போன்ற களையே வயலில் மிகுகிறது. களையெடுப்பவர் அப் புல்லைப் படைக்கவில்லை; தேர்ந்தெடுத்துவிட்டார். மருந்தும் அவ்வாறே.

தொகையைக் கணக்கிட்டால் இது வியப்புக்குரியதன்று. கடுமையாக நோயுற்ற ஒருவர் உடலில் ஒரு லட்சம் கோடி கிருமிகள் வரை இருக்கக்கூடும். படியெடுப்பில் ஒரு குறிப்பிட்ட எழுத்துப் பிழைபடுவது தோராயமாக நூறு கோடிக்கு ஒரு முறை என்று கொண்டாலும், அந்த ஒரே உடலில் அப் பிழையைத் தாங்கிய கிருமிகள் ஆயிரம் வரை இருக்கக்கூடும். போதிய அளவு மருந்து கொடுத்தால் அரைகுறையாக மாறியவையும் மடிகின்றன. குறைந்த அளவு கொடுத்தால் அவை பிழைத்து, மேலும் மாறக் காலம் பெறுகின்றன.

குறைந்த அளவு மருந்து பெருமளவிற் பரவிய ஓர் இடம் கம்போடியாவின் மேற்கெல்லையிலுள்ள பைலின். இரத்தினச் சுரங்கங்கள் நிறைந்த இப் பகுதிக்குப் பிழைப்பைத் தேடி வெளியூர்த் தொழிலாளர் வந்து குவிந்தனர். அவர்களுள் பலருக்கு மலேரியாவைத் தாங்கும் இயற்கைத் திறன் கிடையாது. 1960-ஆம் ஆண்டுகளில் அங்கு மலேரியா மருந்தை உப்பிற் கலந்து மக்களுக்கு வழங்கினர். நல்லெண்ணத்தோடு செய்யப்பட்ட காரியமே அது. ஆனால் ஒவ்வொருவரும் எவ்வளவு உப்பு உண்டார் என்பதை யார் அளந்தார்? குளோரோக்வினை எதிர்க்கும் கிருமி அந்தத் தாய்லாந்து-கம்போடியா எல்லைப் பகுதியில் 1950-களின் இறுதியிலேயே தலைகாட்டியிருந்தது. பின்னாளில் வேறு மருந்துகளின் தோல்வியும் அப் பகுதியிலிருந்தே தொடங்கியது.

இரண்டாம் மருந்து

குளோரோக்வின் தளர்ந்த இடங்களில் சல்ஃபடாக்ஸின், பைரிமெத்தமைன் ஆகிய இரண்டும் சேர்ந்த மாத்திரை பயன்படலாயிற்று. ஒரே வேளையில் விழுங்கிவிடலாம் என்பது இதன் பெருஞ் சிறப்பு. கிருமி தன் ஜீன்களைப் படியெடுக்கத் தேவையான ஃபோலேட் என்னும் பொருளைத் தானே ஆக்கிக்கொள்கிறது. அவ்வாக்கத்தின் ஒரு படியைச் சல்ஃபடாக்ஸினும், அடுத்த ஒரு படியைப் பைரிமெத்தமைனும் அடைத்துவிடுகின்றன.

இங்குக் கிருமி தப்பிய வழி வேறு. பைரிமெத்தமைன் பற்றிக்கொள்ளும் டி.எச்.எஃப்.ஆர். என்னும் நொதியின் 108-ஆவது இடத்தில் சீரின் நீங்கி அஸ்பராஜின் வந்தால், மருந்து முன்போல் நொதியோடு பொருந்துவதில்லை. இந்த ஒரு மாற்றம் மட்டும் இருந்தால் எதிர்ப்பு மிதமானதே. அதன்மேல் 59-ஆவது இடமும் 51-ஆவது இடமும் மாறுகின்றன. எதிர்ப்புப் படிப்படியாக ஏறுகிறது. 164-ஆவது இடமும் மாறிவிட்டால் பைரிமெத்தமைனால் பயன் ஏதும் இல்லை என்றே கூறலாம். சல்ஃபடாக்ஸின் தாக்கும் மற்றொரு நொதியிலும் 437, 540 முதலிய இடங்களில் இவ்வாறே மாற்றங்கள் சேர்கின்றன. ஒரே ஓர் எழுத்தோடு தொடங்கக்கூடிய ஏணியாதலால், குளோரோக்வினைக் காட்டிலும் இம் மருந்து விரைவில் தோற்றது. அஸ்ஸாமிலும் 1970-களின் இறுதிக்குள்ளேயே இதன் தோல்வி தென்படலாயிற்று.

பத்தாயிரம் கிருமிகளின் கணக்கு

அடுத்து வந்த ஆர்ட்டிமிசினின், சீன நாட்டு மருத்துவ மரபில் நெடுங்காலமாக வழங்கிய ஒரு பூண்டிலிருந்து பெறப்பட்டது. 1970-களின் தொடக்கத்தில் இதனைப் பிரித்தெடுத்த பணிக்காக, து யூயூ அம்மையார் 2015-இல் நோபல் பரிசு பெற்றார். கிருமியைக் கொல்லும் வேகத்தில் இதற்கு இணையான மலேரியா மருந்து இல்லை. ஆனால் இதற்கு ஒரு குறை உண்டு: உடலில் இது சில மணி நேரமே தங்கும்.

ஆகவே இதனைத் தனித்துக் கொடுப்பதில்லை. நாட்கணக்கில் உடலில் தங்கும் ஒரு துணை மருந்தோடு சேர்த்துக் கொடுக்கின்றனர். அதன் காரணம் ஓர் எளிய கணக்கில் விளங்கும். கிருமியின் ஒரு 48 மணி நேரச் சுற்றில் ஆர்ட்டிமிசினின், பத்தாயிரத்தில் ஒரு கிருமியை மட்டுமே விட்டுவைக்கிறது. மூன்று நாள் சிகிச்சை இரண்டு சுற்றுகளைத் தொடுகிறது. ஒரு லட்சம் கோடி கிருமிகள் முதற் சுற்றில் பத்துக் கோடியாகும், இரண்டாவதில் பத்தாயிரமாகும். காய்ச்சல் விட்டுவிடும், நோயாளி எழுந்து வேலைக்குச் செல்வார், இரத்தத்தைப் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்தாலும் கிருமி புலப்படாது. ஆயினும் பத்தாயிரம் எஞ்சியிருக்கின்றன. அவற்றைத் தீர்ப்பது துணை மருந்தின் பொறுப்பு.

இந்தியாவில் ஆர்ட்டிசுனேட்டுக்குத் துணையாகச் சல்ஃபடாக்ஸின்-பைரிமெத்தமைன் தெரிந்தெடுக்கப்பட்டது. குளோரோக்வின் தோற்ற பகுதிகளில் 2005 முதலும், ஃபால்சிபாரம் நோயாளிகள் அனைவருக்கும் நாடு முழுவதும் 2010 முதலும் இக் கூட்டு வழங்கப்பட்டது. நாட்டின் பெரும்பகுதியில் இது நன்கு பயனளித்தது. வடகிழக்கில் மட்டும் கணக்குப் பிசகியது. மேலே கூறிய ஏணியின் பல படிகளை அங்குள்ள கிருமிகள் முன்னரே ஏறிவிட்டிருந்தன. எனவே துணை மருந்து பெயரளவுக்கே துணையாக நின்றது. எஞ்சிய பத்தாயிரமும் மீண்டும் பெருகி, இரண்டு மூன்று வாரங்களில் காய்ச்சலாக வெளிப்பட்டன. சிகிச்சை தோற்போர் நூற்றுக்குப் பத்துப் பேரை எட்டினால் மருந்தை மாற்றிவிட வேண்டும் என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் விதி. மிசோரம், அருணாசலப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் ஆராயப்பட்ட இடங்களில் தோல்வி அந்த எல்லையைக் கடந்திருந்தது. 2013-இல் வடகிழக்கு மாநிலங்களுக்கு மட்டும் ஆர்ட்டிமீதர்-லுமிஃபான்ட்ரின் என்ற வேறு கூட்டு அறிவிக்கப்பட்டது.

இதில் ஊன்றி நோக்கத்தக்கது, தோற்றது எது என்பதே. ஆர்ட்டிசுனேட் தன் பங்கைச் செய்தது. தோற்றது அதன் துணை. வெளியில் தெரியும் விளைவு இரண்டிலும் ஒன்றுதான், காய்ச்சல் திரும்புகிறது. எந்த மருந்து தோற்றது என்பதைக் கிருமியின் ஜீன்களே கூறுகின்றன. இதனை அறியாமல் ஆர்ட்டிமிசினினையே கைவிட்டிருந்தால் நாட்டுக்குப் பேரிழப்பாகியிருக்கும். அறியாமல் பழைய கூட்டையே தொடர்ந்திருந்தாலும் அதே இழப்பு, சற்றுத் தாமதமாக நேர்ந்திருக்கும். காவலின்றித் தனித்து நிற்கும் மருந்தைக் கிருமி எளிதில் வென்றுவிடுமன்றோ? வாய்வழி உட்கொள்ளும் ஆர்ட்டிமிசினின் வகை மருந்துகளைத் தனியே விற்பதை இந்திய அரசாங்கம் 2009-இல் தடைசெய்ததும் இக் காரணத்தாலேயே.

தோல்வி எல்லாம் எதிர்ப்பன்று

காய்ச்சல் திரும்பிய ஒவ்வொரு நோயாளியிடத்தும் மாறிய ஜீன் இருப்பதாகக் கருதிவிடலாகாது. மாத்திரையை விழுங்கிய அரை மணிக்குள் வாந்தியெடுத்தவர், காய்ச்சல் விட்டதும் மீதி மாத்திரைகளைப் பரணில் போட்டுவைத்தவர், எடைக்குக் குறைந்த அளவு பெற்ற குழந்தை ஆகிய இவர்களிடத்தும் மருந்து தோற்கும். லுமிஃபான்ட்ரின் கொழுப்புள்ள உணவோடு அல்லது பாலோடு உட்கொண்டாலன்றி உடலில் நன்கு சேராது. வெறும் வயிற்றில் ஆறு வேளையும் விழுங்கியவருக்கு முழுப் பயன் கிட்டாமற் போகலாம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. நோய் மிகுந்த ஊரில் ஒருவர் குணமடைந்த மூன்றாம் வாரத்திலேயே புதிய கொசுக்கடியால் மீண்டும் நோயுறக்கூடும். இது மருந்தின் குற்றமன்று. பழைய கிருமியா, புதிய கிருமியா என்பதைக் காய்ச்சலைக் கொண்டு அறிய இயலாது. ஆகையால் ஆராய்ச்சியாளர் சிகிச்சைக்கு முன்னர் ஒரு துளி இரத்தத்தை வடிதாளில் ஏந்தி உலர்த்தி வைத்துக்கொள்கின்றனர். நோயாளியை 28 நாட்களோ அதற்கு மேலோ தொடர்ந்து கவனித்து, கிருமி மீண்டும் தோன்றினால் மற்றொரு துளியை எடுக்கின்றனர். கிருமிக்குக் கிருமி வேறுபடும் சில ஜீன்களை இரண்டு துளிகளிலும் ஒப்பிடுகின்றனர். அவை ஒத்திருந்தால் பழைய கிருமியே பிழைத்தெழுந்தது என்று பொருள். அந்த நிலையில்தான் மருந்தின்மீது பழி விழுகிறது.

கெல்ச் 13

ஆர்ட்டிமிசினினும் இப்போது பாதுகாப்பாக இல்லை. மேற்குக் கம்போடியாவில் இம் மருந்து உட்கொண்டோரின் இரத்தத்திலிருந்து கிருமிகள் மறையத் தாமதமாவது 2008, 2009-ஆம் ஆண்டுகளில் அறிவிக்கப்பட்டது. இதற்குக் காரணமான கெல்ச் 13 என்ற ஜீன் 2014-இல் இனங்காணப்பட்டது. அதன் 580-ஆவது இடத்தில் சிஸ்டீனுக்குப் பதிலாகத் தைரோசின் வந்திருப்பதே அங்கு மிகப் பரவிய மாற்றம். ஆர்ட்டிமிசினின் உயிர்பெற்று வேலை செய்ய ஹீமின் இரும்பு தேவை. மாறிய கிருமியோ தன் இளம்பருவத்தில் ஹீமோகுளோபினை உண்பதைக் குறைத்துக்கொள்கிறது. பட்டினி கிடந்து நஞ்சிலிருந்து தப்பும் உபாயம் இது. துணை மருந்து வலுவாக இருக்கும்வரை இத் தாமதத்தால் நோயாளி பிழைப்பது தடைப்படுவதில்லை. கம்போடியாவில் துணையாக இருந்த பிப்பராக்வினையும் கிருமி வென்ற பின்னரே சிகிச்சை பெருமளவில் தோற்றது.

ஆப்பிரிக்காவில் ருவாண்டாவிலும், பின்னர் உகாண்டாவிலும் இதே ஜீனின் வேறு மாற்றங்கள் 2020, 2021-ஆம் ஆண்டுகளில் அறிவிக்கப்பட்டன. அவை ஆசியாவிலிருந்து சென்றவையல்ல, அங்கேயே தோன்றியவை. எல்லையில் தடுத்து நிறுத்தலாம் என்ற எண்ணத்துக்கு இதனால் இடமில்லாமற் போயிற்று.

மாறிய கிருமியின் சுமை

மாற்றத்தால் கிருமிக்கு நன்மை மட்டுமா? இதற்கு ஆப்பிரிக்காவின் மலாவி நாடு வியக்கத்தக்க விடையளித்தது. அந்நாடு 1993-இல் குளோரோக்வினை நிறுத்திவிட்டது. அதற்கு முந்திய ஆண்டில் ஆராயப்பட்ட கிருமிகளில் 85 சதவீதம் 76-ஆவது இடத்து மாற்றத்தைக் கொண்டிருந்தன. 2000-இல் அது 13 சதவீதமாகக் குறைந்தது. 2001-இல் அறவே காணப்படவில்லை. மீண்டும் குளோரோக்வினைக் குழந்தைகளுக்குக் கொடுத்துச் சோதித்தபோது, 99 சதவீதம் பயனளித்ததாக 2006-இல் அறிக்கை வெளியாயிற்று. மாறிய கிருமிகள் பழைய நிலைக்குத் திரும்பினவல்ல. மருந்து இல்லாத சூழலில் திருத்தப்பட்ட புரதம் கிருமிக்குச் சுமையாகிவிடுகிறது. ஒதுங்கியிருந்த இயல்பான கிருமிகள் ஓட்டத்தில் அவற்றை முந்திவிட்டன.

இந்தியாவில் அவ்வாறு நிகழவில்லை. ஃபால்சிபாரம் நோய்க்குக் குளோரோக்வின் கொடுப்பது 2010-லேயே நின்றுவிட்டபோதிலும், 76-ஆவது இடத்தில் மாறிய கிருமிகள் நாட்டின் பல பகுதிகளில் இன்னும் மிகுந்தே காணப்படுகின்றன. காரணம் மறைவானதன்று. நம் நாட்டு மலேரியாவின் மற்றொரு பெரும் பங்கு விவாக்ஸ் கிருமியால் வருவது. அதற்குக் குளோரோக்வினே இன்றும் முதல் மருந்து. அது பயனளித்தும் வருகிறது. ஆனால் இரு கிருமிகளும் ஒரே உடலில் கலந்திருக்கும் நோயாளியிடத்தும், சோதனையின்றி மாத்திரை கொடுக்கப்படும் நோயாளியிடத்தும், விவாக்ஸுக்காக வழங்கிய மருந்து ஃபால்சிபாரத்தின் மீதும் படுகிறது. மலாவியில் நின்ற களையெடுப்பு இங்கு நிற்கவில்லை. 2023-இல் நாட்டில் பதிவான சுமார் 2.27 லட்சம் நோயாளிகளுக்கும், இனி வரும் ஆண்டுகளின் நோயாளிகளுக்கும், எந்தக் கிருமி என்று இரத்தத்தைச் சோதித்த பின்னரே மாத்திரை கொடுக்க வேண்டும் என்று சுகாதார ஊழியர்கள் வற்புறுத்தப்படுவதற்கு இது ஒரு காரணம். ஃபால்சிபாரம் என்று தெரிந்தால், கூட்டு மருந்தோடு ஒரு வேளை பிரைமாக்வினும் கொடுக்கப்படுகிறது. அது நோயாளியின் காய்ச்சலுக்கானதன்று. அவர் இரத்தத்திலுள்ள பாலணுக்கள், மாறிய ஜீனைச் சுமந்துகொண்டு, அடுத்துக் கடிக்கும் கொசுவின் வயிற்றுக்குச் செல்லாமல் தடுப்பதற்கானது.